சானிடைசரா, சோப்பும் தண்ணீருமா?

மருந்துக்கு அடங்காத பாக்டீரியா மருத்துவமனையில் ஒரு கட்டிலிலிருந்து இன்னொரு கட்டிலுக்குப் போவது பெரும்பாலும் நம் கைகள் வழியாகத்தான். தடுக்க இரண்டு வழிகள்: ஆல்கஹால் சானிடைசர், இல்லையென்றால் சோப்பும் தண்ணீரும்.

வேகத்தில் சானிடைசர்தான் முந்துகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் அதற்கு 20 முதல் 30 விநாடி போதும். சோப்புக்கு 40 முதல் 60 விநாடி வேண்டும். ஒரே ஷிஃப்டில் எத்தனையோ முறை நோயாளிகளைத் தொடும் செவிலியருக்கு இது பெரிய வித்தியாசம். குழாயைத் தேடிப் போக வேண்டியதில்லை, பாட்டில் கட்டில் பக்கத்திலேயே இருக்கும். மெத்திசிலின் என்ற ஆன்டிபயாடிக்கை எதிர்க்கும் ஸ்டஃபைலோகாக்கஸ், கார்பபெனம் என்ற வலுவான ஆன்டிபயாடிக்கையே எதிர்த்து நிற்கும் கிளெப்சியெல்லா, இந்த இரண்டு பாக்டீரியாக்களையும் ஆல்கஹால் கொன்றுவிடும். ஆன்டிபயாடிக்கிடம் காட்டும் வீம்பு அதனிடம் செல்லாது.

ஆனால் கையில் ரத்தமோ அழுக்கோ கண்ணுக்குத் தெரிந்தால் சோப்புதான். கடும் வயிற்றுப்போக்கைத் தரும் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற பாக்டீரியாவின் வித்துகளையும் (கெட்டியான உறைக்குள் உறங்கும் வடிவம்) ஆல்கஹால் அழிக்காது. தேய்த்துக் கழுவித்தான் போக்க வேண்டும்.

அன்றாட வேலைக்கு என் தேர்வு சானிடைசர். கையில் அழுக்கு தெரிந்தாலோ, அந்த வயிற்றுப்போக்கு நோயாளியின் அறையிலோ மட்டும் சோப்பு. அப்புறம், கையுறை போட்டவர்களுக்கும் இது பொருந்தும். கழற்றும்போதே விரல்களில் கிருமி ஒட்டிக்கொள்ளும்.