டயட் கோலா எதற்கு மாற்று?

ஒரு வாளித் தண்ணீரில் வழக்கமான கோலா கேன் ஒன்றையும் அதே அளவுள்ள டயட் கோலா கேன் ஒன்றையும் திறக்காமல் போட்டுப் பாருங்கள். முதலாவது அடியில் போய் உட்கார்ந்துவிடும், இரண்டாவது மிதக்கும். வீட்டுப் பிள்ளைகளுக்கு அடர்த்தி என்றால் என்ன என்று விளக்குவதற்காக நான் இதைச் செய்து காட்டினேன். பிள்ளைகளைவிட எனக்குத்தான் அது அதிகம் விளக்கியது. இரண்டிலும் அதே அளவு திரவம், அதே அலுமினியம். கனத்தில் தெரியும் வேறுபாடு முழுக்க முழுக்கக் கரைந்திருக்கும் சர்க்கரையால் வருவது. வழக்கமான கோலாவில் 100 மில்லிக்கு ஏறத்தாழ 10.6 கிராம் சர்க்கரை என்றால் 300 மில்லி கேனில் 32 கிராம். அதைத் தராசில் நிறுத்துத் தட்டில் கொட்டினால் எட்டு தேக்கரண்டிக்குக் குறையாமல் ஒரு குவியல் எழும். டயட் கேனில் அந்தக் குவியலின் வேலையைச் செய்யும் அஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்பூட்டி, சர்க்கரையைப் போல் ஏறத்தாழ 200 மடங்கு இனிப்பானது என்பதால், ஒரு சிட்டிகை அளவுகூடத் தேவைப்படுவதில்லை.

இவ்வளவு தெளிவான வேறுபாடு இருந்தும், டயட் சோடா எடையைக் குறைக்குமா கூட்டுமா என்ற வாதம் ஓயாமல் நடக்கிறது. ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுவதாகத் தோன்றுவதற்கு முக்கியக் காரணம், கேள்வி பாதியில் நின்றுவிடுவதுதான் என்பது என் கருத்து. உதவுமா என்று கேட்பவர், எதைவிட உதவுமா என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். சர்க்கரைக் கோலாவோடு ஒப்பிட்டால் ஒரு விடையும், தண்ணீரோடு ஒப்பிட்டால் வேறொரு விடையும் கிடைக்கின்றன.

சர்க்கரைக் கோலாவுக்கு எதிரே

இந்தப் போட்டியில் ஐயத்துக்கு இடம் குறைவு. நெதர்லாந்தில் 4 வயதுக்கு மேல் 12 வயதுக்குள் இருந்த 641 பள்ளிப் பிள்ளைகளை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு நாள்தோறும் 250 மில்லி சர்க்கரைப் பானமும் மற்றதற்கு அதே அளவு சர்க்கரையில்லா பானமும் 18 மாதங்கள் கொடுத்தார்கள். கேன்கள் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்ததால் எது எவருக்குப் போகிறது என்பது குடித்தவருக்கும் தெரியாது, கொடுத்தவருக்கும் தெரியாது. 2012-இல் வெளியான முடிவின்படி, வளரும் பிள்ளைகள் என்பதால் இரு குழுவினருக்கும் எடை கூடியது. ஆனால் சர்க்கரை குடித்தவர்களுக்கு 7.37 கிலோவும் மற்றவர்களுக்கு 6.35 கிலோவும் கூடின. ஒரு நாளைக்கு ஏறத்தாழ நூறு கலோரி வித்தியாசம் ஒன்றரை ஆண்டில் ஒரு கிலோவாக நின்றது.

அதே ஆண்டில் வெளியான டென்மார்க் ஆய்வு சிறியது, 47 பேர் மட்டுமே. ஆனால் அது கேட்ட கேள்வி எனக்கு இன்னும் பிடித்தது. அதிக எடை கொண்டவர்கள் ஆறு மாதங்கள் நாளுக்கு ஒரு லிட்டர் வீதம் சர்க்கரைக் கோலா, பால், டயட் கோலா, தண்ணீர் ஆகிய நான்கில் ஒன்றைக் குடித்தார்கள். சர்க்கரைக் கோலா குடித்தவர்களின் கல்லீரலிலும் வயிற்று உறுப்புகளைச் சுற்றியும் கொழுப்பு ஏறியது. டயட் கோலாவுக்கும் தண்ணீருக்கும் இடையே அப்படிப்பட்ட பெரிய வேறுபாடு தென்படவில்லை. ஆகவே, நாளும் சர்க்கரைக் கோலா குடித்துவந்த ஒருவர் டயட் கோலாவுக்கு மாறினால் அவருக்கு நன்மைதான். இதை மறுப்பவர்கள் பெரும்பாலும் வேறொரு போட்டியின் முடிவை இங்கே கொண்டுவந்து வைக்கிறார்கள்.

ஒரே ஒரு நிபந்தனை உண்டு. மிச்சமாகும் 130 கலோரி அப்படியே மிச்சமாக இருக்க வேண்டும். டயட் தானே குடித்தோம் என்ற தெம்பில் கடைசியாக ஒரு குலாப் ஜாமுன் எடுத்துக்கொண்டால் கணக்கு நேராகிவிடும். இது பானத்தின் குற்றம் அல்ல. ஆனால் எடைக் கருவிக்கு யார் குற்றம் என்பது தெரியாது.

தண்ணீருக்கு எதிரே

இங்கேதான் விஷயம் சுவையாகிறது. தெஹ்ரானில் உடல் எடை குறைப்புத் திட்டத்தில் சேர்ந்த 62 பெண்கள், வழக்கமாக டயட் பானம் குடிப்பவர்கள். அவர்களில் பாதிப் பேரை மதிய உணவுக்குப் பின் டயட் பானத்துக்குப் பதிலாகத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். 24 வாரங்களில் தண்ணீர்க் குழு 8.8 கிலோவும் டயட் குழு 7.6 கிலோவும் இழந்தன. தண்ணீருக்கு ஒரு புள்ளி என்று எழுதிக்கொள்ளலாம்.

ஆனால் அமெரிக்காவில் 303 பேரிடம் ஓராண்டு நடந்த ஆய்வில் விடை தலைகீழானது. எடைக் குறைப்புப் பயிற்சியோடு டயட் பானம் குடித்தவர்கள் ஆண்டு முடிவில் 6.21 கிலோ குறைந்திருந்தார்கள். தண்ணீர் மட்டும் குடித்தவர்கள் 2.45 கிலோதான். பிரிட்டனில் லிவர்பூலில் 493 பேரோடு 52 வாரங்கள் நடந்த ஆய்விலும் டயட் பானக் குழு 7.5 கிலோ, தண்ணீர்க் குழு 6.1 கிலோ. கடைசி இரண்டுக்கும் பணம் கொடுத்தது அமெரிக்கக் குளிர்பான உற்பத்தியாளர்களின் சங்கம். பணம் எங்கிருந்து வந்தது என்பதை வைத்தே ஒரு முடிவைத் தள்ளிவிட முடியாது. எனினும் அதை மறந்துவிட்டு எண்களை மட்டும் படிப்பதும் நேர்மையான வாசிப்பு ஆகாது.

பணத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. அமெரிக்க ஆய்வில் சேர்ந்தவர்கள் ஏற்கெனவே டயட் பானத்துக்குப் பழகியவர்கள். அவர்களில் ஒரு பாதியினரிடம், உணவைக் குறைக்கும் அதே காலத்தில், விருப்பமான பானத்தையும் விடச் சொன்னால் என்ன நடக்கும்? இனிப்புக்கான ஏக்கம் வேறு வாசல் வழியாக வந்திருக்கக்கூடும். அப்படியானால் அந்த ஆய்வு தண்ணீரைப் பற்றிச் சொல்வது குறைவு; ஒரே நேரத்தில் இரண்டு பழக்கங்களை விடுவது எவ்வளவு கடினம் என்பதைப் பற்றிச் சொல்வதே அதிகம். தெஹ்ரான் பெண்களிடமோ ஒரு வேளைப் பானத்தை மட்டுமே மாற்றச் சொன்னார்கள்.

ஆக, பரிசோதனைகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் இரு பானங்களுக்கும் இடையிலான தூரம் ஏறத்தாழ ஒன்று முதல் நான்கு கிலோ வரைதான், திசையும் உறுதியில்லை. ஏற்கெனவே தண்ணீரும் மோரும் குடித்து நிறைவாக இருக்கும் ஒருவர், எடை குறைய வேண்டும் என்பதற்காக டயட் கோலாவைப் புதிதாகத் தொடங்க எந்தக் காரணமும் இல்லை. தொடங்கச் சொல்லி யாரேனும் அறிவுரை கூறினால் அவரிடம் விற்பனைப் பிரதிநிதியின் சாயலைத் தேடலாம்.

உலகச் சுகாதார நிறுவனம் சொன்னதும் சொல்லாததும்

2023 மே மாதம் அந்நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல், உடல் எடையைக் கட்டுப்படுத்தும் கருவியாகச் சர்க்கரையில்லா இனிப்பூட்டிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று பரிந்துரைத்தது. டயட் சோடா எடையைக் கூட்டும் என்று நிறுவிவிட்டார்கள் என்பதுபோல் செய்தி பரவியது. உண்மையில் அந்தப் பரிந்துரைக்கு அடிப்படையான தொகுப்பாய்வில், குறுகிய காலப் பரிசோதனைகள் சராசரியாக 0.71 கிலோ எடைக் குறைவைக் காட்டியிருந்தன. மாறாக, மக்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து கணக்கெடுத்த ஆய்வுகளில், இனிப்பூட்டிகளை அதிகம் பயன்படுத்தியவர்களிடம் உடல் பருமன், இரண்டாம் வகை நீரிழிவு, இதய நோய் ஆகியவை கூடுதலாகக் காணப்பட்டன.

பின்தொடரும் ஆய்வுகளில் ஒரு பழைய சிக்கல் இருக்கிறது. டயட் பானத்தைத் தேடிப் போகிறவர் யார்? எடை ஏறிக்கொண்டிருப்பவர், மருத்துவர் எச்சரித்தவர், குடும்பத்தில் சர்க்கரை நோய் உள்ளவர். குடை பிடித்திருப்பவர்கள்தான் அதிகம் நனைந்திருக்கிறார்கள் என்பதால் குடையே நனைக்கிறது என்று முடிவு கட்ட முடியாது. இதை உணர்ந்தே அந்நிறுவனம் தன் பரிந்துரையை நிபந்தனைக்குட்பட்டது, அதாவது சான்று முழு உறுதியானதல்ல, என்று குறித்தது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு இது பொருந்தாது என்றும் விலக்கு அளித்தது. நம் ஊரில் டயட் பானம் வாங்குவோரில் நீரிழிவுக்காரர்கள் கணிசமாக இருக்கும்போது, இந்த விலக்குதான் தலைப்புச் செய்தியாக வந்திருக்க வேண்டும்.

அதே ஆண்டு ஜூலையில் வந்த அஸ்பார்டேம் புற்றுநோய்ச் செய்திக்கும் இதே கதிதான். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை அதை, புற்றுநோயை உண்டாக்கும் வாய்ப்பு இருக்கலாம் என்று பொருள்படும் 2பி பிரிவில் வைத்தது. கற்றாழையின் முழு இலைச் சாறும், கிழக்காசிய முறையில் ஊறவைத்த காய்கறிகளும் இருக்கும் பிரிவு அது. சான்று எவ்வளவு வலுவானது என்பதை அந்தப் பிரிவு சொல்கிறதே தவிர, எவ்வளவு குடித்தால் ஆபத்து என்பதைச் சொல்வதில்லை. அளவைச் சொல்லும் வேறொரு நிபுணர் குழு அதே நாளில் பழைய வரம்பை, அதாவது உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் என்பதை, மாற்றாமல் விட்டது. கேனுக்கு 200 முதல் 300 மில்லிகிராம் என்று வைத்தால், 70 கிலோ எடையுள்ளவர் ஒரே நாளில் 9 முதல் 14 கேன் வரை குடித்தால்தான் அதைத் தாண்டுவார். பிறவியிலேயே ஃபீனைல்கீட்டோனூரியா என்ற குறைபாடு உள்ளவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்கள் அஸ்பார்டேமைத் தொடவே கூடாது.

இனிப்பூட்டிகள் குடலிலுள்ள நுண்ணுயிர்களை மாற்றி, அதன் வழியே ரத்தச் சர்க்கரையைப் பாதிக்குமா என்ற கவலை இன்னும் தீரவில்லை. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தார் 120 ஆரோக்கியமான பெரியவர்களிடம் நடத்தி 2022-இல் வெளியிட்ட ஆய்வில், சாக்கரினும் சுக்ரலோஸும் இரு வாரங்களிலேயே குளுக்கோஸைக் கையாளும் திறனைச் சற்றுக் கெடுத்தன. அஸ்பார்டேமும் ஸ்டீவியாவும் அப்படிக் குறிப்பிடத்தக்க விளைவைக் காட்டவில்லை. எனவே இனிப்பூட்டிகள் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடுவது சரியல்ல. கேனின் பின்புறம் பொடி எழுத்தில் இருக்கும் எண்களைப் பார்க்கலாம்: 950 என்றால் அசெசல்ஃபேம் பொட்டாசியம், 951 அஸ்பார்டேம், 954 சாக்கரின், 955 சுக்ரலோஸ்.

பற்களின் விஷயத்தில் டயட் கோலாவுக்குப் பாதி மதிப்பெண்தான். சர்க்கரை இல்லாததால் வாயிலுள்ள பாக்டீரியாவுக்குத் தீனி இல்லை. ஆனால் பாஸ்பாரிக் அமிலம் இரண்டு கேன்களிலும் உண்டு, பல்லின் எனாமலை அரிக்க அது போதும். அரை மணி நேரம் வைத்துச் சொட்டுச் சொட்டாகக் குடிப்பவருக்கு, ஒரே மூச்சில் குடித்து முடிப்பவரைவிடச் சேதம் அதிகம்.

நம் ஊர்ப் போட்டியாளர்கள்

கோலாவைத் தவிர்த்துவிட்டுக் கரும்புச் சாற்றுக்கோ கடையில் பிழியும் பழச்சாற்றுக்கோ போகிறவர்கள் சர்க்கரையிலிருந்து தப்பவில்லை. சாறு இயற்கையானது என்பதால் உடல் அந்தச் சர்க்கரைக்குத் தள்ளுபடி தருவதில்லை. இளநீர் நடுவில் நிற்கிறது, கோலாவில் இருப்பதில் பாதிக்கும் குறைவான சர்க்கரையே அதில் உண்டு. உப்பை அளவோடு போட்ட நீர்மோர் இவை எல்லாவற்றையும் எளிதாக வெல்லும். கேனில் அடைத்து விளம்பரம் செய்ய ஆள் இல்லாததால்தான் அது போட்டியிலேயே இல்லாததுபோல் தெரிகிறது.

அரசுகளின் பார்வையும் ஊருக்கு ஊர் மாறுகிறது. இலங்கையில் 2016 முதல் பானப் புட்டிகளில் சர்க்கரைக்கு வண்ணக் குறி உண்டு: 100 மில்லிக்கு 11 கிராமுக்கு மேல் சிவப்பு, 2 கிராமுக்குக் கீழ் பச்சை, இடையில் மஞ்சள். 10.6 கிராம் கொண்ட கோலா அங்கே மயிரிழையில் சிவப்பைத் தவிர்த்து மஞ்சளில் உட்கார்ந்துவிடும் என்பதைக் கவனியுங்கள். சர்க்கரை அளவுக்கேற்ப 2018 முதல் வரி வரும் என்று பிரிட்டன் 2016-இல் அறிவித்ததும் நிறுவனங்கள் சர்க்கரையைக் குறைக்க ஓடின. இந்தியாவிலோ சர்க்கரை இட்டதற்கும் இனிப்பூட்டி இட்டதற்கும் ஜிஎஸ்டி ஒன்றே. சர்க்கரையைக் குறைப்பவருக்கு வரியில் எந்த ஊக்கமும் இல்லை.

ஆனால் தமிழர்களின் சர்க்கரைக் கணக்கில் பெரிய பங்கு கேனில் இல்லை, டம்ளரில் இருக்கிறது. டீக்கடையில் ஒரு டீக்கு இரண்டு கரண்டி என்று வைத்தால், நாளுக்கு நாலு டீ குடிப்பவர் தினமும் ஒரு கேன் கோலாவின் சர்க்கரையைக் குடித்து முடிக்கிறார். வாரத்துக்கு ஒருநாள் பிரியாணியோடு டயட் கோலா வாங்கி மிச்சம் பிடித்தது அவர் கணக்கில் எங்கும் தெரியாது. சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை இந்த டம்ளரைத்தான் ஆராய்ந்தது. இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 179 பேரிடம் 12 வாரங்கள் நடத்தி 2024-இல் வெளியிட்ட ஆய்வில், காபியிலும் டீயிலும் சர்க்கரைக்குப் பதில் சுக்ரலோஸ் சேர்த்தவர்களின் ரத்தச் சர்க்கரைக் கட்டுப்பாடு மோசமாகவும் இல்லை, மேம்படவும் இல்லை. எடையும் இடுப்புச் சுற்றளவும் சிறிதளவு குறைந்தன. மாற்றுச் சர்க்கரையிடம் எதிர்பார்க்கத் தகுந்தது ஏறக்குறைய இவ்வளவுதான்.

பெரியவர்களுக்கு நான் சொல்லும் வரிசை இது: தண்ணீரோ மோரோ முதலில், சர்க்கரைக் கோலாவை விட முடியாதவருக்கு மட்டும் டயட், சர்க்கரைக் கோலா கடைசியில். பிள்ளைகளுக்கு இந்த வரிசை தேவையே இல்லை. இந்தியாவில் விற்கும் டயட் கேனைத் திருப்பிப் பார்த்தால், குழந்தைகளுக்குப் பரிந்துரைக்கப்படுவதில்லை என்ற வரி இருக்கும். வாளிச் சோதனை முடிந்ததும் என் வீட்டில் மிதந்த கேனுக்கும் மூழ்கிய கேனுக்கும் கை நீட்டிய பிள்ளைகளிடம் அந்த வரியைத்தான் வாசித்துக் காட்டினேன்.