லூக்கா 12:48 பாடத்துக்கு எந்த வேதாகமம் கைகொடுக்கும்?

‘அதிகம் பெற்றவனிடம் அதிகம் கேட்கப்படும்’ என்ற பாடத்தை ஓய்வுநாள் பள்ளியில் எடுப்பவர்களுக்காக இந்த ஒப்பீடு. ஒன்று, வீட்டுக்கு வீடு இருக்கும் பழைய மொழிபெயர்ப்பு. மற்றொன்று, கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து செய்து 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம்.

மனப்பாட வசனத்துக்குப் பழையதை மிஞ்ச ஆளில்லை. ‘எவனிடத்தில் அதிகங்கொடுக்கப்பட்டதோ அவனிடத்தில் அதிகங்கேட்கப்படும்’ என்பது இரண்டு முறை சொன்னால் பிள்ளைகள் வாயில் ஒட்டிக்கொள்ளும். திருவிவிலியத்தின் ‘எதிர்பார்க்கப்படும்’ கொஞ்சம் மென்மை. கணக்குக் கேட்கிற தொனி அதில் இல்லை.

பணக் கணக்கு வந்ததும் பழையது சறுக்குகிறது. லூக்கா 19இல் ‘பத்து ராத்தல் திரவியம்’ என்கிறது. யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு ராத்தல் என்றால் பாண், அதாவது ரொட்டி. தமிழ்நாட்டுப் பிள்ளைக்கு அதுவும் இல்லை. மத்தேயு 20இல் நாள்கூலி ‘ஒரு பணம்’, 18இல் அதே நாணயம் ‘வெள்ளிப்பணம்’. திருவிவிலியம் மினா, தெனாரியம் என்று மூலப் பெயரையே வைத்திருப்பதால் கணக்கைக் கரும்பலகையில் போட்டுவிடலாம்: 1 தாலந்து 60 மினா, 1 மினா 100 தெனாரியம், 1 தெனாரியம் ஒரு நாள் கூலி. ஆக ஒரு தாலந்து 6000 நாள் கூலி. உங்கள் ஊரில் கூலி 700 ரூபாய் என்றால் 42 லட்சம்! மத்தேயு 25இன் உவமையில், எஜமான் கொடுத்த ஒரு தாலந்தை மண்ணில் புதைத்தவன் கையில் இருந்தது சில்லறை அல்ல.

அந்தப் பணத்தை எங்கே போட்டு வைத்திருக்கலாம் என்று எஜமான் சொல்லும் மத்தேயு 25:27இல் இரண்டுமே இடறும். பழையதன் ‘காசுக்காரர்’ பணக்காரர் என்று கேட்கும். திருவிவிலியத்தின் ‘வட்டிக் கடை’ கந்துவட்டியை நினைவூட்டும். ‘வங்கி மாதிரி’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். தாலந்தைத் திறமை என்று விளக்குவதும் வழக்கமான பிசகு. 25:15இல் அவனவன் திறமைக்குத் தக்கபடிதான் தாலந்து கொடுக்கப்படுகிறது, இரண்டும் ஒன்றல்ல.

எந்தப் பதிப்பானாலும் லூக்கா 12:42இலிருந்து வாசிக்க வேண்டும். பழையதில் அங்கே வரும் ‘விசாரணைக்காரன்’ போலீஸ் போல ஒலிக்கும். திருவிவிலியத்தின் ‘வீட்டுப் பொறுப்பாளர்’ பளிச்சென்று இருக்கிறது. எஜமானின் சித்தத்தை அறிந்தவனுக்கு அநேக அடி, அறியாதவனுக்குச் சில அடி என்று 47, 48 சொல்வதால், அங்கே ‘பெற்றது’ முதலில் அறிவுதான். கடைசி வரியை மட்டும் வெட்டி எடுத்தால் அது காணிக்கை நேரத்து வசனமாகச் சுருங்கிவிடுகிறது.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், ஆசிரியருக்குத் திருவிவிலியம். பிள்ளைகள் கையில் பழையதே இருக்கட்டும்.