ஹெலினாவா, மெம்பிஸா?

அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையான ப்ளூஸுக்குப் பேர்போன வானொலி என்றதும் பலர் மெம்பிஸ் நகரின் டபிள்யூடிஐஏ-வைச் சொல்வார்கள். 1948-இல் கறுப்பின அறிவிப்பாளர் நாட் டி. வில்லியம்ஸை ஒலிவாங்கி முன் அமர்த்தி, அடுத்த ஆண்டே முழுக்கக் கறுப்பின மக்களுக்கான நிலையமாக மாறியது அது. 1954-இல் 50,000 வாட் திறன்.

என் ஓட்டு ஆர்கன்சாவின் சிற்றூர் ஹெலினாவுக்கு. மிசிசிப்பி ஆற்றங்கரையில் கேஎஃப்எஃப்ஏ வானொலி தொடங்கியது 1941 நவம்பரில். அதே மாதம் 21-ஆம் தேதி அதில் 'கிங் பிஸ்கட் டைம்' என்ற ப்ளூஸ் நிகழ்ச்சி வந்தது. சன்னி பாய் வில்லியம்சன் ஹார்மோனிகா, ராபர்ட் லாக்வுட் ஜூனியர் கிடார், இரண்டும் நேரலை. செலவு ஒரு மாவு வியாபாரியுடையது. பாட்டு இடையில், மாவு விளம்பரம் முன்னும் பின்னும்! வியாபாரம் பெருகவே, சோளமாவுப் பையில் சன்னி பாயின் படமே ஏறிவிட்டது. பருத்திக்காட்டு ஆட்கள் மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும் நேரம் பார்த்து, 12:15-க்கு ஒலிபரப்பு. அப்படிக் கேட்டு வளர்ந்த ஒருவர்தான் ப்ளூஸ் பாடகர் பி.பி. கிங்.

அவர் பிறகு டபிள்யூடிஐஏ-வில் பெப்டிகான் டானிக் விளம்பரத்துக்குப் பாடினார். அங்கே மாவு, இங்கே மருந்து. வீச்சில் மெம்பிஸ் பெரியதுதான். ஆனால் ஹெலினாவில் 1951-இல் அந்த நிகழ்ச்சியை ஏற்ற சன்னி பெய்ன், 2018-இல் இறக்கும்வரை அதைத் தொகுத்தார்.