வைகைக் கரையில் சாப்பாடு என்று போய் ஏமாந்து வராதீர்கள்

கடையின் பெயரை எழுதப்போவதில்லை. பெயர்ப்பலகையை ஒரே இரவில் மாற்றிவிடலாம். எதைக் காட்டி ஆளைப் பிடிக்கிறார்கள் என்று மட்டும் சொல்கிறேன். மதுரையிலிருந்து சோழவந்தான் பக்கம் குடும்பத்தோடு போகிறவர்களுக்கு உதவும்.

அக்காவும் அத்தானும் பிள்ளைகள் இருவரோடு அம்பாசமுத்திரத்திலிருந்து வந்திருந்தார்கள். சனிக்கிழமை மீனாட்சியம்மன் கோயிலும் மகாலும் பார்த்தாயிற்று. ஞாயிறு திருவேடகம் போவதாக ஏற்பாடு. “சாமி கும்பிட்டுவிட்டு ஆற்றைப் பார்த்தபடி உட்கார்ந்து சாப்பிட ஓர் இடம் பார், மாப்பிள்ளை” என்றார் அத்தான். தாமிரபரணிக் கரையில் பிறந்தவர். அவருக்கு ஆறு என்றால் அதில் தண்ணீர் ஓடும். நான் மதுரைக்காரன். சிரித்துவிட்டு, ‘அது நடக்காது அத்தான்’ என்று சொல்லியிருக்க வேண்டும். ஊர் மானம் குறுக்கே வந்து நின்றுவிட்டது.

கூகுள் வரைபடத்தில் தேடியதும் முதலில் வந்தது அந்தக் கடைதான். மதிப்பெண் 4.6. படத்தில் இரு கரையையும் தொட்டுக்கொண்டு வைகை ஓடுகிறது. முன்னால் மூங்கில் தட்டி, மேசை, வாழை இலை. தொலைபேசியில் பேசியவர், ஆற்றைப் பார்த்த மேசை வேண்டுமென்றால் ஆயிரம் ரூபாய் முன்பணம் அனுப்புங்கள், பில்லில் கழித்துக்கொள்வோம் என்றார். அனுப்பினேன். ஆற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஐம்பது வயதாகிறது எனக்கு, பிறந்தது வைகைக் கரைச் செல்லூரில்!

திருவேடகத்திலேயே விஷயம் தெரிந்துவிட்டது. சம்பந்தர் இட்ட ஏடு வைகை வெள்ளத்தை எதிர்த்துப் போய்க் கரையேறிய ஊர் அது. பெயரே அப்படித்தான் வந்தது. கோயிலை விட்டு வெளியே வந்து ஆற்றைப் பார்த்த அத்தான், “இன்றைக்கு ஏட்டைப் போட்டால் போட்ட இடத்திலேயே கிடக்கும் போலிருக்கிறதே” என்றார். அப்போதே வண்டியை மதுரைக்குத் திருப்பியிருக்கலாம். அனுப்பிய ஆயிரம் ரூபாய் விடவில்லை.

கடைக்குப் போனால், ஆற்றுப் பக்கம் முழுவதும் பச்சை வலை கட்டியிருந்தது. வெயிலுக்காம். வலையை விலக்கிப் பார்த்தேன். சீமைக்கருவேலம், மணல், நடுவில் ஆகாயத்தாமரை மூடிய ஒரு குட்டை. இரண்டு எருமைகள். “தண்ணீர் எங்கே தம்பி?” என்று கேட்டால், “சீசனில் வரும் சார்” என்கிறார் பரிமாறுகிற பையன்.

அந்தச் சீசன் எது என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். வைகையில் தண்ணீர் வருவது பெரும்பாலும் ஆண்டிபட்டி அருகேயுள்ள அணையில் மதகைத் திறப்பதைப் பொறுத்தது. 1959-இல் திறந்த அணை. முழு நீர்மட்டம் 71 அடி. பாசனத்துக்குத் திறக்கும் தண்ணீரில் பெரும்பங்கு பேரணை என்ற இடத்தில் பிரிந்து பெரியாறு பிரதானக் கால்வாய்க்குப் போய்விடும். சாலையிலிருந்து நாம் பார்க்கும் நெல் வயல்களும் பச்சையும் பெரும்பாலும் கால்வாய்ப் பாசனத்தால் வந்தவை. ஆறு காய்ந்து கிடக்க, சுற்றிலும் ஊர் பச்சையாக இருப்பதன் ரகசியம் அதுதான். மற்றபடி, நல்ல மழை பெய்து அணை நிரம்பினால் ஆற்றில் வெள்ளம். சித்திரைத் திருவிழாவில் அழகர் இறங்குவதற்காகச் சில நாள் திறந்துவிடுவார்கள். அந்தச் சில நாளில் எடுத்த படத்தை வைத்து வருடம் முழுவதும் வியாபாரம் நடக்கிறது.

படத்தை மேசையில் உட்கார்ந்து பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் வலது மூலையில் கல்பாலத்தின் வளைவுகள் கண்ணில் பட்டன. நம் ஏ.வி. (ஆல்பர்ட் விக்டர்) பாலம்! மதுரை நகருக்குள் கோரிப்பாளையத்துக்கும் யானைக்கல்லுக்கும் நடுவே நிற்கிற பாலம். கடையிலிருந்து ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். தினமும் அதைக் கடந்து வேலைக்குப் போகிறவனுக்கு அடையாளம் தெரியவில்லை என்றால் யாரை நோவது?

சரி, சாப்பாடாவது. மீன் வகைகளுக்கு எதிரே விலை போடாமல் ‘சந்தை விலை’ என்று அச்சடித்திருந்தார்கள். அயிரை மீன் குழம்பு இரண்டு கிண்ணம் கேட்டோம், மூன்று வந்தது. முதல் கவளத்திலேயே மனைவி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அது அயிரை இல்லை, நெத்திலி.

இது சின்ன விஷயம் இல்லை. அயிரை கண்மாயிலும் வயலிலும் ஆற்று மணலிலும் கிடைக்கிற மீன். உயிரோடு வாங்குவார்கள். வயிற்றில் உள்ள மண் போவதற்காகச் சிலர் பாலில் விட்டு, பிறகு கல் உப்புப் போட்டு உரசிக் கழுவி, தலையோடு முழுசாகக் குழம்பில் போடுவார்கள். விலையும் அதற்கேற்ப. நெத்திலி கடல் மீன், அதைவிட மலிவு. தலையைக் கிள்ளித்தான் ஆய்வது வழக்கம்; பக்கவாட்டில் வெள்ளிக்கோடு தெரியும். அயிரைக்கு அந்தக் கோடு கிடையாது, உருண்டையாக, மண் நிறமாக இருக்கும்; வாயோரம் குட்டி மீசை. கிண்ணத்தில் தலையில்லாத மீன் மிதந்தால் கரண்டியைக் கீழே வைத்துவிடுங்கள். நெத்திலிக் குழம்பும் எனக்குப் பிடிக்கும், நெத்திலி என்று சொல்லிக் கொடுத்தால்.

தண்ணீர்? கூஜா வைக்கவில்லை, பாட்டில்தான். மீனாட்சி கல்யாணத்துச் சோற்றையெல்லாம் தின்றுவிட்டுத் தாகத்தில் துடித்த குண்டோதரனுக்காக வந்த ஆறு வைகை என்பார்கள். அதன் கரையில் உட்கார்ந்து ஒரு பாட்டிலுக்கு 40 ரூபாய் கொடுத்தோம்.

பில் வந்தது. சாப்பாடு ஆறு, 1,080. ‘அயிரை’ மூன்று, 1,350. விரால் வறுவல் இரண்டு, 960. தண்ணீர் நான்கு, 160. அதற்குக் கீழே ‘ஆற்றங்கரை இருக்கை’ என்று தலைக்கு நூறு வீதம் 600. சேவைக் கட்டணம் பத்து சதவீதம், 415. இவை எல்லாவற்றுக்கும் மேல் ஜிஎஸ்டி 18 சதவீதம். ஆகமொத்தம் 5,387 ரூபாய். முன்பணத்தைக் கழிக்கவில்லை; அது ‘முன்பதிவுக் கட்டண’மாக மாறியிருந்தது.

இங்கேதான் அத்தான் கைகொடுத்தார். வணிக வரித் துறையில் இருந்து ஓய்வுபெற்றவர். குரலை உயர்த்தவே இல்லை. “தம்பி, பில்லில் ஜிஎஸ்டி எண் எங்கே?” என்றார். இல்லை. பதினைந்து இலக்கம் இருக்க வேண்டும், தமிழ்நாட்டுக் கடை என்றால் 33-இல் தொடங்க வேண்டும். உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் பதினான்கு இலக்க எண்ணும் பில்லில் இல்லை. இதுபோன்ற தனி உணவகத்தில் சாப்பாட்டுக்கு வரி 5 சதவீதம்தான். 18 என்பது ஒரு நாள் அறை வாடகை 7,500 ரூபாயைத் தாண்டும் பெரிய விடுதிகளுக்குள் இருக்கும் உணவகங்களுக்கு. சேவைக் கட்டணத்தைக் கேட்காமல் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது. 2025 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அத்தான் இவ்வளவையும் பீடா மென்றுகொண்டே சொன்னார்.

மேலாளர் உள்ளே போய்ப் புதிய பில் கொண்டுவந்தார். வரி இல்லை, சேவைக் கட்டணம் இல்லை, மூன்றாவது கிண்ணமும் இல்லை. 3,700. ஐந்து நிமிடத்தில் வரி எங்கே போனது என்று கேட்க வாய் வந்தது. அக்கா கையைப் பிடித்து இழுத்தாள், பிள்ளைகள் காரில் வெந்துகொண்டிருந்தார்கள். இருக்கைக் கட்டணத்தையும் முன்பணத்தையும் விட்டுத்தர மாட்டோம் என்றார்கள். கொடுத்துவிட்டு வந்தோம். நெத்திலியை அயிரை என்று விற்றதைப் பற்றிக் கேட்டதற்கு, “எங்கள் மாஸ்டர் அதைத்தான் அயிரை என்பார் சார்” என்று பதில்.

இரண்டு பில்லையும் படம் எடுத்து வைத்திருக்கிறேன். நீங்களும் முதல் பில்லைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் எடுத்துவிடுங்கள். திருத்திய பில் கைக்கு வந்தபின் பழையதற்குச் சாட்சி இருக்காது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் பதிவுசெய்தேன். பதிவு எண் வந்திருக்கிறது, பதில் இன்னும் வரவில்லை.

நேற்று இரவு மறுபடி பார்த்தேன். படம் அப்படியே இருக்கிறது, மதிப்பெண் 4.7 ஆகியிருக்கிறது. வலது மூலையைப் பெரிதாக்கிப் பாருங்கள். பாலத்தின் வளைவுகள் தெரிந்தால் அந்தக் கடைதான்.