உடைகிற வாளுக்கு ஒளித்துவைத்த பெட்டி

"மாமா, பிரெத் ஆஃப் த வைல்ட் இப்ப வாங்கலாமுங்களா?" என்று கோபிச்செட்டிபாளையத்திலிருந்து என் தங்கை மகன் கேட்டிருக்கிறான். 2017-இல் வெளிவந்த செல்டா வரிசை வீடியோ ஆட்டம் அது. கதையும் காட்சித் தரமும் அவனுக்கே தெரியும். இத்தனை காலம் ஆடிய பிறகும் எனக்கு ஆறாமல் இருக்கிற ஒன்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அதில் ஆயுதங்கள் உடைந்துவிடுகின்றன.

சண்டையில் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எதிரி ஓங்கும் கணத்தில் சரியாகப் பக்கவாட்டில் தாவினால் காலம் மெதுவாகி, அடுக்கடுக்காக வெட்ட வாய்ப்புக் கிடைக்கிறது. கார்டியன் என்ற இயந்திர எதிரி கதிரைப் பாய்ச்சும் நொடியில் அதைக் கேடயத்தால் தட்டிவிட்டால், கையிலிருப்பது வெறும் பானைமூடியாக இருந்தாலும், கதிர் எய்தவன் மீதே திரும்பிப் பாய்கிறது. இடிமழையில் இரும்பு ஆயுதத்தில் பொறி பறக்கத் தொடங்கியதும் அதைக் கழற்றி எதிரிகளின் நடுவே போட்டுவிட்டு ஒதுங்கினால், மின்னல் அங்கே இறங்கி நம் வேலையை முடித்துவிடும். உடையப்போகும் வாளை எறிந்தால் இரட்டிப்புச் சேதம் என்பதும், வாள் போனபின் கிடைத்த தடியையோ ஈட்டியையோ எடுத்து வேறு விதமாகப் போரிட நேர்வதும் இந்த ஏற்பாட்டின் நன்மைகள்தாம். நியாயமாகப் பார்த்தால் அவற்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் இரகசியங்களைத் தேடிப் போகும்போது இதே ஏற்பாடு நெஞ்சை அறுக்கிறது. மலையுச்சியில் தனித்துக் கிடக்கும் கல்லைத் தூக்கினால் கொரோக் என்ற குட்டி வன ஆவி ஒன்று தோன்றி விதை ஒன்றைத் தருகிறது. இப்படி 900 விதைகள் நாடெங்கும் ஒளிந்திருக்கின்றன; அவற்றைக் கொடுத்து ஆயுதப் பையைப் பெரிதாக்கிக்கொள்ளலாம். அதாவது, உடையப்போகும் ஆயுதங்களை இன்னும் சில கூடுதலாகச் சுமக்கலாம். 120 கோயில்களில் புதிர் அவிழ்த்துத் திறக்கும் பெட்டிகள் பலவற்றிலும் வாளோ வில்லோதான் இருக்கிறது. எங்கள் தோட்டத்துக் கொடுவாளைப் பட்டறையில் கொடுத்துத் தட்டி வாங்கினால் இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும். இங்கே சாதாரண வாளைச் செப்பனிட்டுத் தர ஆளில்லை. ஹட்டெனோ கிராமத்தில் ஆட்டத்தின் நாணயமான ரூப்பி 3000 கொடுத்து வீடு வாங்கினால், சுவரில் ஆயுதம் மாட்ட இடம் செய்து தருகிறார்கள். தேடிக் கண்டெடுத்த தீவாளை உடைந்துவிடுமோ என்று பயந்து அங்கேதான் மாட்டி வைத்திருக்கிறேன். சுவரில் தொங்குவதற்காகவா அதைத் தேடினேன்?

மாஸ்டர் வாள் என்ற புகழ்பெற்ற வாள் மட்டும் உடையாது என்பார்கள். அதைப் பிடுங்க, நம் உயிரளவைக் காட்டும் இதயங்கள் 13 வேண்டும். அவ்வளவு பாடுபட்டு எடுத்த பின்பும் அதன் ஆற்றல் தீர்ந்து, பத்து நிமிடம் கைக்கு உதவாமல் போகிறது. நேற்றிரவு லைனல் என்ற சிங்கமுக அரக்கனோடு மோதிய நடுவில் அப்படித்தான் தீர்ந்தது. பையிலிருந்த மற்ற வாள்களும் ஒவ்வொன்றாகச் சிதறின. 2023-இல் வந்த அடுத்த பாகத்திலும் ஆயுதத்தோடு கல்லையோ கொம்பையோ இணைத்துக்கொள்ள முடிகிறதே தவிர, உடைவது நின்றபாடில்லை.

சண்டைக்காக நான் இதை இன்னும் பல காலம் ஆடுவேன். ஆயினும் காசு கொடுத்து வாங்காதே என்றுதான் அவனுக்குச் சொல்வேன். நண்பர்களிடம் இரவல் கிடைத்தால் வாங்கி ஆடட்டும், பெட்டியில் கிடைக்கும் நல்ல வாளை எடுத்து வைக்காமல் அடுத்த சண்டையிலேயே வீசித் தீர்க்கட்டும்.