மொபைல் ஸ்டார்ட்டரா, ஆப் சுவிட்ச்சா? மோட்டாருக்கு எது தோது

வீட்டுத் தண்ணி மோட்டாருக்கு, போன்ல இருந்தே போட்டு நிறுத்தற ஸ்மார்ட் சுவிட்ச் போடலாமான்னு இந்த மாசம் மட்டும் நாலு பேரு கேட்டுட்டாங்க. எங்க குடும்பத்துல ரெண்டுமே ஓடுது. சேலம் அஸ்தம்பட்டி வீட்டுல வைஃபை ஆப் சுவிட்ச், ஏற்காட்டுல நாகலூர் பக்கம் மாமாவோட காப்பித் தோட்டத்துல சிம் போட்ட மொபைல் ஸ்டார்ட்டர். பாக்கறதுக்கு ஆப்தான் அம்சம், பச்சை பட்டன், டைமர் எல்லாம் இருக்கு. ஸ்டார்ட்டர் வெறும் தகரப் பொட்டி. ஆனா என் ஓட்டு பொட்டிக்குத்தாங்க.

மாமா சேலத்துல டீக்கடையில உக்காந்துட்டே பட்டன் போன்ல கூப்பிடுவாரு, ஒண்ணு அமுக்குனா ஆன், ரெண்டு அமுக்குனா ஆஃப், அவ்ளோதான், கண்ணாடி கூட தேட வேண்டாம். கொஞ்ச நேரத்துல அதுவே திருப்பிக் கூப்பிட்டு மோட்டார் ஓடுதுன்னு தமிழ்ல சொல்லும், இல்லன்னா கரண்ட் மூணு பேஸ்ல ரெண்டுதான் வருதுன்னு சொல்லும். இது சும்மா சொல்றதில்ல. உள்ள ஒரு காயில், ஒயர்ல போற கரண்டை, அதாவது ஆம்ப்ஸை அளக்குது. 5 எச்பி மூணு பேஸ் மோட்டார் தண்ணி ஏத்துறப்ப சுமாரா 7 ஆம்ப்ஸ் இழுக்கும், கிணறு வத்துனா அது சட்டுனு குறையும், உடனே நிறுத்திட்டு டிரை ரன், அதாவது தண்ணியில்லாம ஓடுதுன்னு போன் பண்ணும்.

எங்க ஆப்ல அந்தக் கதையே இல்ல. ஆன்னு காட்டுனா, கரண்டை சேத்து விடற உள் சுவிட்சான ரிலேவுக்கு ஆர்டர் போயிடுச்சுன்னு அர்த்தம், தண்ணி ஏறுதான்னு அதுக்குத் தெரியாது. போன ஆடியில ராத்திரி பத்து மணிக்கு ஆஃப் பண்ணிட்டுப் படுத்தேன், ஆப்லயும் ஆஃப்னுதான் இருந்துச்சு, பன்னெண்டு மணிக்கு பக்கத்து வீட்டு அக்கா கதவத் தட்டறாங்க, டேங்க் ரொம்பி அவங்க சுவர்ல அருவியா கொட்டுது. அம்மா என்னையப் பாத்து "ஏன் கண்ணு, நிறுத்துனியா இல்லியா?"ன்னு கேக்கறாங்க, நான் போனை நீட்டிக் காட்டறேன்! எலக்ட்ரீசியன் பிரிச்சுப் பாத்தா ரிலே பாயின்ட் ஒட்டிக்கிட்டு இருக்கு. 16 ஆம்ப்ஸ்னு போட்டிருக்கறது ஹீட்டர் மாதிரி லோடுக்கு, மோட்டார் கெளம்பறப்ப அதோட சாதா ஆம்ப்ஸ் மாதிரி அஞ்சாறு மடங்கு இழுக்கும்னாரு. இப்ப நடுவுல மோட்டார் லோடைத் தாங்கற பெரிய சுவிட்சா ஒரு கான்டாக்டர் போட்டிருக்கு.

இன்னொரு தலைவலி கை சுவிட்ச். அம்மா பழக்கதோசத்துல சுவர்ல இருக்கற சுவிட்சை அமத்திடுவாங்க, உடனே ஆப்ல ஆஃப்லைன், நான் ஆபீஸ்ல இருந்து தலைகீழா நின்னாலும் ஒண்ணும் ஆகாது. கை சுவிட்ச் ஒயரை மாட்டறதுக்கு எஸ்1 எஸ்2 டெர்மினல் உள்ள மாடல்னா பழைய சுவிட்சும் வேலை செய்யும், ஆப்லயும் மாறும், இது தெரியாம வாங்கிட்டேன். கரண்ட் போய் வந்தா என்ன பண்ணணும்னு ஒரு செட்டிங் இருக்கும், மோட்டாருக்கு அதை ஆஃப்லயே வைங்க, பழைய நிலைன்னு வெச்சா ஆளில்லாத வீட்டுல மோட்டார் தானா கெளம்பும்.

ஸ்டார்ட்டருக்கும் குறை உண்டு. சிம்முக்கு ரீசார்ஜ் மறந்தா பொட்டி ஊமை. பழைய 2ஜி மாடல்ல ஜியோ சிம் எடுக்காது, ஜியோவுக்கு 2ஜியே கிடையாது. நாலஞ்சு நம்பரத்தான் பதிஞ்சுக்கும், மாமா போன் தொலைஞ்சப்ப வேற போன்ல இருந்து கூப்பிட்டா மதிக்கவே இல்ல, கடைசில அத்தை நம்பர்தான் கை கொடுத்துச்சு. ஆனா ஸ்டார்ட்டர், ஆப் சுவிட்ச் மாதிரி கம்பெனி சர்வரை நம்பி இல்ல. 2016 மே மாசம் ரிவால்வ்னு ஒரு ஹப்போட (வீட்டு ஸ்மார்ட் சாமானையெல்லாம் இணைக்கற பொட்டி) சர்வரை, அந்தக் கம்பெனியை வாங்கின நெஸ்ட் கம்பெனி நிறுத்துச்சு, காசு குடுத்து வாங்குனவங்க கையில வெறும் டப்பா.

வாயால சொன்னா ஆன் ஆஃப் பண்ற வாய்ஸ் ஸ்பீக்கர் பத்தி கேக்காதீங்க. குக்கர் விசில்ல நான் சொல்றதே அம்மாவுக்குக் கேக்காது.

ஆப்தான் வேணும்னா வாட்ஸ் காட்டற மாடலா பாருங்க, ஆஃப் போட்டப்புறம் வாட்ஸ் பூஜ்யத்துக்கு வந்துச்சான்னு பாத்துட்டுப் படுங்க. அம்மா இன்னிக்கும் ரெண்டையும் நம்பறதில்ல, மாடிக் குழாய்ல காது வெச்சுட்டுத்தான் தூங்கப் போறாங்க.