தள்ளி அறுக்கும் ரம்பமா, இழுத்து அறுக்கும் ரம்பமா?

கைரம்பம் வாங்க முனைபவர் இன்று இரண்டு வகைகளுக்கிடையே தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது: தள்ளும்போது அறுக்கும் பழைய வகை, இழுக்கும்போது அறுக்கும் ஜப்பானிய வகை. இரண்டையும் கையாண்ட பின் என் அன்றாட வேலைக்கு முதல் வகையையே வைத்துக்கொண்டேன். ஆகவே இந்த அலசலில் சாய்வு உண்டு.

அறுக்கும் சுகத்தில் ஜப்பானிய ரம்பமே முந்தும். இழுக்கும்போது தகடு விறைத்து நிற்பதால் அதை மிக மெல்லியதாகச் செய்ய முடிகிறது. வெட்டும் குறுகலாக விழுகிறது. கைப்பிடி, எடை ஆகியவை பழக்கத்தைப் பொறுத்தவை.

ஆனால் எந்த ரம்பமும் ஒருநாள் மழுங்கும். அதன்பின் என்ன செய்வது என்பதே தேர்வைத் தீர்மானிக்க வேண்டும் என்பது என் கருத்து. பழைய வகைத் தள்ளுரம்பத்தின் எஃகு, அரத்துக்கு இணங்கும் அளவுக்கே பதமேற்றப்பட்டிருக்கும். தகட்டை இரு மரச்சட்டங்களுக்கிடையே பற்கள் மட்டும் வெளியே தெரியும்படி இறுக்கி, தட்டை அரத்தைப் பல்நுனிகளின் மேல் மெல்ல ஓட்டினால், அவை சம உயரத்துக்கு வந்து ஒவ்வொன்றிலும் ஒரு சிறு மினுக்கம் தோன்றும்; அது மறையும் வரை முக்கோண அரத்தால் பள்ளங்களை அராவி, மறைந்த கணமே நிறுத்திவிட வேண்டும். மர இழையின் நீளவாக்கில் அறுக்கும் பல்லுக்கு அரத்தைத் தகட்டுக்குச் செங்குத்தாகப் பிடிக்க வேண்டும். குறுக்குவாக்கில் அறுப்பதற்குச் சுமார் 20 பாகை சாய்த்து, ஒன்றுவிட்ட பள்ளங்களை ஒரு பக்கத்திலிருந்தும் மீதியை மறுபக்கத்திலிருந்தும் அராவ வேண்டும். பற்களை இடமும் வலமுமாக ஒதுக்கும் வேலை ஒவ்வொரு முறையும் தேவைப்படாது. நீளவாக்குப் பல்லைக் குறுக்குவாக்குப் பல்லாக மாற்றிக்கொள்ளவும் இதே அரம் போதும் என்பது கூடுதல் வசதி.

ஜப்பானிய ரம்பத்தின் குறுக்குவாக்குப் பற்கள் நெடியவை, மூன்று முகங்களில் தீட்டப்பட வேண்டியவை. அதற்கு விளிம்பு மெலிந்த தனி அரமும் தேர்ந்த கையும் வேண்டும். இன்று விற்பனைக்கு வருபவற்றில் பெரும்பாலானவற்றின் பல்நுனிகள் கடினமாக்கப்பட்டவை. அவை நெடுநாள் கூர்மையாக இருக்கும் என்பது உண்மை. மழுங்கினாலோ அரம் வழுக்கும், தகட்டையே மாற்ற வேண்டும்.

மிகக் கடினமான மரங்களில் ஜப்பானிய ரம்பத்தை நான் அதிகம் ஓட்டியதில்லை. அங்கே அதன் பற்கள் எளிதில் முறியும் என்ற பேச்சை என் அனுபவத்தால் உறுதிசெய்ய இயலாது. நுணுக்கமான இணைப்பு வேலையே பிரதானம், மாற்றுத் தகடும் தடையின்றிக் கிடைக்கும் என்பவருக்கு அதுவே பொருந்தக்கூடும்.

தள்ளுரம்பங்களிலும் பல்நுனி கடினமாக்கப்பட்டவை உண்டு. நுனிகள் மட்டும் கருநீலமாகத் தெரிந்தால், மேலே சொன்ன சாதகம் எதுவும் அந்த ரம்பத்துக்குப் பொருந்தாது.